120 ரூபாய் மூங்கில் தூண்டில்: கண்மாய்க்கு இதுதான் சரி

இராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போகிற வழியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சின்னக் கடை இருக்கிறது. வலை, கயிறு, ஈயக்குண்டு, மிதவை என்று முக்கால்வாசி கடல் தொழிலுக்கான சாமான்கள். கதவுக்குப் பின்னால், மூலையில் மட்டும் மூங்கில் தூண்டில்களைச் சாத்தி வைத்திருப்பார் கடைக்கார அண்ணன். போன மாசியில் அங்கே இரண்டு தூண்டில் வாங்கினேன். ஒன்று 120 ரூபாய். கம்பு பத்து அடி. நரம்பு (தூண்டில் இழை), தக்கை (மிதவை), ஈயம், முள் (கொக்கி) எல்லாம் கட்டியே கொடுக்கிறார்.

"எந்தக் கண்மாய்க்குத் தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் கம்பையே எடுத்தார். சக்கரக்கோட்டை என்றால் கொடுக்க மாட்டாராம். அது பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டில் போடக் கூடாது. நாங்கள் போனது என் மாப்ளையின் அம்மா ஊர்க் கண்மாய். மீன்பாசிக் குத்தகை, அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை எடுத்தவரிடம் முன்னாடியே கேட்டிருந்தோம். "தூண்டில்னா போட்டுக்கங்க, வலை மட்டும் வேணாம்" என்று சொல்லியிருந்தார். இதைச் சொன்ன பிறகு அண்ணன் ஒரு கொட்டாங்கச்சியில் ஈரமண்ணும் மண்புழுவும் போட்டுக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மாப்ளை வேறு ஏற்பாட்டோடு வந்திருந்தான். இணையத்தில் 3,800 ரூபாய்க்கு வாங்கிய, இழுத்தால் நீளும் கம்பு, சுழலும் ராட்டை, விராலுக்கென்று பச்சை ரப்பர் தவளை. முதல் வீச்சில் தவளை பின்னால் நின்ற சீமைக்கருவேல மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தது. முள்ளுக்குள் கைவிட்டு அதை எடுப்பதற்கே அரைமணி நேரம். இரண்டாவது வீச்சில் கொக்கி அவன் கைலியிலேயே மாட்டிக்கொண்டது. ஒரு கையில் கம்பும் மறு கையில் கைலியுமாக அவன் சுற்றிச் சுற்றி வர, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏய்யா, மீனு தண்ணிக்குள்ளல்ல கெடக்கு!"

அந்தக் கம்பில் குறை இல்லை. பாம்பன் பக்கம் பாறை மேல் நின்று தூரமாக வீச வேண்டிய இடத்தில் அது நல்ல சாமான். நம் கண்மாய் அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைகிற தண்ணீர் மாசியில் பாதிக்கு மேல் இறங்கிவிடும். மீன் கோரைக்கும் அல்லி இலைக்கும் நடுவே, கரையை ஒட்டியே கிடக்கும். அங்கே வீச வேண்டியதே இல்லை. கம்பை நீட்டி, இரண்டு இலைகளுக்கு நடுவில் இருக்கும் கையகல இடைவெளியில் புழுவைச் சத்தமில்லாமல் இறக்கினால் போதும். அதற்குப் பத்து அடி மூங்கிலை அடிக்க ஆளில்லை.

தக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மயிலிறகுத் தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, நுனியில் சிவப்பு நகப்பூச்சு தடவியிருக்கிறார். கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் குண்டைவிட இது எவ்வளவோ மேல், மீன் மூச்சு விட்டாலே சொல்லிவிடும். ஜிலேபி மீன் என்றால் தக்கை டொக் டொக்கென்று தலையாட்டும், அவசரப்படக் கூடாது. கெண்டை இரையைக் கவ்வித் தூக்குவதால் தக்கை நிமிர்ந்து அப்படியே படுத்துவிடும். கெளுத்தி ஒரே இழுப்பில் உள்ளே கொண்டுபோய்விடும். இதையெல்லாம் கடையிலேயே ஒரு வாளித் தண்ணீரில் விரலால் இழுத்துக் காட்டினார் அண்ணன். கெளுத்தியைப் பிடிக்கும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தார்: முதுகு முள்ளும் இரண்டு பக்க முள்ளும் விரலிடுக்கில் வருகிற மாதிரி தலைக்குப் பின்னால் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குத்திய இடம் ராத்திரி முழுக்கக் கடுக்கும். குஞ்சுகளோடு திரிகிற விராலுக்கு மட்டும் முள் போடாதீங்க தம்பி, காவலுக்கு நிற்கிற மீன் போனால் குஞ்சு மொத்தமும் போச்சு என்றார். இப்படிச் சொல்லிக் கொடுக்கிற கடைக்கு எவ்வளவு தூரமும் போகலாம்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் நான் ஆறு ஜிலேபியும் இரண்டு கெளுத்தியும் எடுத்திருந்தேன். அப்புறம் மாப்ளை ராட்டையைச் சுருட்டி வைத்துவிட்டு என் இரண்டாவது தூண்டிலை வாங்கிக்கொண்டான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, தக்கை சாய்வாக நகர்ந்து உள்ளே போனது. தூக்கினான். கைமுழ நீளத்தில் கறுப்பாக ஒன்று நெளிந்துகொண்டு முகத்துக்கு நேராக வந்தது. "பாம்புடா!" என்று கத்தியவன் கம்பை அப்படியே விட்டுவிட்டுக் கரைமேல் ஏறி ஓடினான். ஆடுகள் அவனுக்கு முன்னால் ஓடின. வந்தது விலாங்கு. கம்பு தண்ணீரில் மிதந்து போக, நான் முழங்கால் சேற்றில் இறங்கிப் பிடித்து இழுத்தேன். விலாங்கு கோரைத்தண்டில் சுற்றிக்கொண்டு முறுக்கியும் நரம்பு அறவில்லை, அண்ணன் போட்ட முடிச்சும் நழுவவில்லை. அந்த முடிச்சுக்கே 120 ரூபாய் தகும்.

குறையும் உண்டு. முள் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. ஒருமுறை உப்பாற்றில் போட்டேன், அந்த வாரமே பழுத்துவிட்டது. நல்ல தண்ணீரில் போட்டாலும் துடைத்து, எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். கம்பை வெயிலில் சாத்தி வைத்தால் வளைகிறது, பரண்மேல் படுக்கப் போடுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடை சாத்தியிருக்கும். புழு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாப்ளை அடுத்த வாரமே போய் இரண்டு தூண்டில் வாங்கிவிட்டான், ஒன்று அவன் மகனுக்கு. பையனுக்கென்று கம்பை ஏழு அடியாக நறுக்கி, தக்கையையும் சின்னதாக மாற்றிக் கொடுத்தாராம் அண்ணன்.