பிரையர் ஆர்ட் தேட எஸ்பாஸ்நெட்: தாராளமாக நம்பலாம்

மெத்தனாலில் ஓடும் ஃபியூயல் செல் (எரிபொருளிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் கலம்), அதன் தொட்டியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் ஒரு சென்சார், அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கேட்டால் நிற்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. முதலில் காசு கொடுத்து ஒரு பிரையர் ஆர்ட், அதாவது ஏற்கெனவே வெளியான பழைய ஆவணங்களின், தேடல் அறிக்கை வாங்கினோம். யாரிடம் என்பது வேண்டாம். ஃபியூயல் செல் என்ற சொல் வருகிற ஆவணங்களை மட்டும் அடுக்கிக் கொடுத்திருந்தார்கள், கார் டேங்க் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது, ஏனென்றால் இந்த மாதிரி விண்ணப்பம் அடிபடுவதே அங்கேதான்.

2007-இல் கேஎஸ்ஆர் - டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததும் சென்சார் சமாச்சாரம்தான்: முன்பின் நகர்த்தக்கூடிய கார் பெடலில் எலெக்ட்ரானிக் சென்சாரைப் பொருத்தியது. தெரிந்த பாகங்களைத் தெரிந்த வழியில் சேர்த்து, எதிர்பார்த்த பலனே கிடைத்தால் அது பெரும்பாலும் துறை ஆளுக்குத் தானாகவே தோன்றக்கூடியது, அதற்குக் காப்புரிமை நிற்காது என்று தீர்ப்பு. துறை வேறாக இருந்தாலும், அதே சிக்கலைத் தீர்க்கும் பழைய ஆவணம் என்றால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் அதை எடுத்து நீட்டலாம்.

சரி என்று ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டில் நானே உட்கார்ந்தேன். இலவசம். இதன் பலமே வகைப்பாட்டு எண்ணை, அதாவது தொழில்நுட்ப வாரியாகக் காப்புரிமைகளுக்குத் தரும் குறியீட்டை, வைத்துத் தேடுவதுதான். ஃபியூயல் செல்லுக்கு எச்01எம் 8, திரவ மட்டம் அளக்க ஜி01எஃப் 23. இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன், அப்புறம் இரண்டாவதைத் தனியாக. ஜப்பானிய ஆவணங்களை அங்கேயே இயந்திர மொழிபெயர்ப்பில் படிக்கலாம். ஒன்றின் படத்தில் தொட்டிக்குள் எதிரெதிரே இரண்டு தகடுகள், தொட்டி சாய்ந்திருக்கிறது, திரவம் ஒரு தகட்டின் மூலையை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சாய்வுதான் எங்கள் புதுமை என்று நினைத்திருந்தோம், அது போயிற்று.

ஆனால் தேடியதில்தான் வேறொன்று பிடிபட்டது. இந்த மாதிரித் தகட்டு சென்சார் மட்டத்தை அளப்பது, நடுவே உள்ள திரவத்தின் மின்கடவா மாறிலியை (தகடுகளில் எவ்வளவு மின்னூட்டம் சேர விடுகிறது என்று காட்டும் எண்) வைத்துத்தான். மெத்தனாலுக்கு அது சுமார் 33, தண்ணீருக்குச் சுமார் 80. இரண்டும் கலந்த தொட்டியில் விகிதம் மாறினாலே, மட்டம் அசையாமல் இருந்தும் சென்சார் வேறு அளவு காட்டும். வெறும் பெட்ரோல் டேங்கில் இந்தத் தலைவலி கிடையாது. கோரிக்கையை, அதாவது விண்ணப்பத்தில் எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியை, இந்தக் கலவை விகிதப் பிழையைத் திருத்துவதன் மேல் வைத்து மாற்றி எழுதினோம்.

ஆய்வாளரும் விண்ணப்பதாரரும் மாறி மாறி வாதாடியதைப் படிக்க மட்டும் அமெரிக்க அலுவலகத்தின் பேட்டன்ட் சென்டருக்குப் போங்கள். வெளியான விண்ணப்பம் என்றால் நிராகரிப்புக் கடிதம், அதற்கான பதில் இரண்டையும் அங்கே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.