உப்புக்காற்றில் கனகாம்பரம்: சில வருஷ அனுபவம்

எங்கள் வீடு உச்சிப்புளிப் பக்கம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு பக்கமும் கடல். மல்லிகைக்கு இந்த மணல் அவ்வளவு பிடிக்கும். தங்கச்சிமடத்து மல்லி நாற்று எத்தனையோ ஊர்களுக்குப் போகிறது. ஆனால் மல்லிக்கு நல்ல வெயில் வேண்டும். பூவரசு நிழலில் வருஷக்கணக்காக நின்று பூக்க ஒரு செடி வேண்டுமென்றால், நான் கனகாம்பரத்தைத்தான் சொல்வேன்.

நிழல் என்றால் இருட்டு இல்லை. காலை வெயில் கொஞ்ச நேரம் பட வேண்டும், உச்சி வெயில் படக்கூடாது. அரை நிழலில் பூவின் நிறம் நன்றாகத் திரண்டு வருகிறது. அதே செடி வெட்டவெளியில் வெளிறிய பூவைத்தான் தருகிறது.

நம் கரையில் நிழலைவிடப் பெரிய விஷயம் காற்றும் தண்ணீரும். ஆடியில் கச்சான் காற்று, மார்கழியில் வாடை, எது அடித்தாலும் உப்பு சேர்ந்தே வரும், இலை ஓரம் கருகும். அதனால் இரண்டு பக்கமும் பனையோலைத் தட்டி கட்டியிருக்கிறேன். காற்று பலமாக அடித்த அன்று சாயங்காலம் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவேன். கிணற்று நீர் கோடையில் உவர்த்துவிடும், அப்போது அரிசி களைந்த தண்ணீர்தான் செடிக்கு. மழைக்காலத்தில் தொட்டியில் பிடித்து வைக்கிற நீரும் கைகொடுக்கும்.

சிப்பித்தூள் கலந்த மணலில் இன்னொரு தொல்லை உண்டு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். தெளித்தும் தேறாமல் செடி குன்றிக்கொண்டே போனால் வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பருவம் செண்டுப்பூ போடுவதும், அப்புறம் வேப்பம்புண்ணாக்கு கலப்பதும் எனக்குப் பலன் தந்திருக்கின்றன.

டெல்லி கனகாம்பரமா, நாட்டுக் கனகாம்பரமா? டெல்லி ரகத்தின் பூ பெரிது, பார்க்கவே ஆசையாக இருக்கும். அது மும்மய ரகம், அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதி உள்ளது. அதனால் விதை பிடிக்காது, குச்சி வெட்டித்தான் நட வேண்டும். என் தோட்டத்தில் உப்புக்கு அதுதான் முதலில் வாடுகிறது. நாட்டு ரகம் சிறுபூவானாலும் தாக்குப்பிடிக்கிறது. எங்கள் அயித்தை, “மணமில்லாட்டி என்ன, மல்லியோட சேத்துக் கட்டுனா ரெண்டுக்கும் அழகுதானே” என்பார். மல்லி வாடிய பிறகும் கனகாம்பரம் சரத்தில் வாடாமல் நிற்கும், அந்த அழகுக்காகவே இதை வளர்க்கலாம்.

பூவை ஒருநாள் விட்டு ஒருநாள் விடிகாலையில் பறிக்கிறேன். கதிரில் அடியிலிருந்து மேலாகத்தான் பூ விரியும், நுனிவரை பூத்து முடிந்ததும் கதிரை நறுக்கிவிட்டால் பக்கக்கிளை வெடித்து மறுபடி பூக்கும். வயசான செடியில் பூ குறையும். நாட்டு ரகம் வைத்திருப்பவர்கள் மாற்றுச்செடிக்காகச் சில கதிர்களை நறுக்காமல் முற்ற விடுங்கள். அவற்றை ஐப்பசி மழைக்கு முன்பே எடுத்து உலர்வாக வைக்க வேண்டும். காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் வெடித்து விதை தெறித்துவிடும்.