கிராண்ட் வாங்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

சோமனூர், பல்லடம், அவிநாசி, குமாரபாளையம் பக்கம் சின்னதாக டிரஸ்ட் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊருக்கு ஒரு மருத்துவ முகாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்தசோகைப் பரிசோதனை, வயசானவர்களுக்குச் சர்க்கரை மாத்திரை என்று கைக்காசைப் போட்டு ஓட்டுகிற டிரஸ்டுகளைக் குறிவைத்து ஆட்கள் சுற்றுகிறார்கள். "ஃபவுண்டேஷன் கிராண்ட் வாங்கித் தர்றோம், சி.எஸ்.ஆர். ஃபண்டு வாங்கித் தர்றோம்" என்பார்கள். கிராண்ட் என்றால் திருப்பிக் கொடுக்கவேண்டாத உதவித்தொகை; சி.எஸ்.ஆர். என்றால் கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூக வேலைக்குச் செலவழிக்கவேண்டிய சட்டக் கடமை. எங்களிடம் 1,53,000 ரூபாய் வாங்கினார்கள். பதிலுக்கு ஒரு பைசா வரவில்லை.

எங்கள் திட்டம் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் இந்த ஏமாற்று எவ்வளவு கொடுமை என்று புரியும். எங்கள் ஊரில் பாதி வீடு விசைத்தறியை நம்பித்தான் இருக்கிறது. நாடாத்தறி ஓடுகிற குடோனுக்குள் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அந்தச் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அதிலேயே ஷிப்ட் ஷிப்டாக நிற்பவர்களுக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சுச் சத்தங்கள். சாதாரணப் பேச்சு ஆரம்பத்தில் ஓரளவு கேட்டுவிடும் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. பேத்தி கூப்பிடுவது கேட்கவில்லை என்று சொல்லும்போது நிலைமை கைமீறியிருக்கும். உள்காதில் செத்துப்போன மயிரணுக்கள் திரும்ப முளைப்பதில்லை. அதனால் தறி ஓட்டுகிறவர்களுக்கு ஆடியோமெட்ரி என்கிற கேட்கும் திறன் பரிசோதனை, காதடைப்பான், வருஷா வருஷம் மறுபரிசோதனை, தேவைப்படுகிறவர்களுக்குக் காதுக் கருவி என்று ஒரு மூன்று வருடத் திட்டம் வைத்திருந்தோம்.

கோயம்புத்தூரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு கன்சல்டன்சியிலிருந்து கூப்பிட்டார்கள். தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் எங்கள் விவரம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. அங்கிருந்து எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வந்தவர் நன்றாகப் பேசினார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேப்டாப், பெரிய கம்பெனி முத்திரைகள் போட்ட விளக்கப் படங்கள். "48 லட்சம் கேரண்டிங்க. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார். ஆவண வேலைக்கு 35,000 ரூபாய். அப்புறம் புரபோசல் எழுத ஒரு லட்சம், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பணம் வந்தபிறகு பத்து சதவீதம் கமிஷன்.

கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: "இந்த அப்ளிகேஷன் போயிட்டிருக்கறப்ப வேற எங்கயும் கேக்காதீங்கண்ணா, டூப்ளிகேட்டுன்னு தள்ளிருவாங்க." இதுதான் எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம். சி.எஸ்.ஆர். கடமையுள்ள கம்பெனிகள் நிதியாண்டுக்கு ஒரு செயல்திட்டம் போட்டு, அதில் சேர்த்த வேலைகளுக்குத்தான் பணம் ஒதுக்கும். அந்தத் திட்டம் போடுகிற சமயத்தில் நாங்கள் இவர்கள் பேச்சைக் கேட்டுக் காத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து ஊர் மில் ஒன்று வாயால் ஒப்புக்கொண்டிருந்த உதவியும் அதோடு போயிற்று. ஒரே திட்டத்துக்குப் பல இடத்தில் கேட்பதில் தப்பே கிடையாது. எங்கெங்கே கேட்டிருக்கிறோம் என்று விண்ணப்பத்தில் சொல்லிவிட்டால் போதும். பல நிறுவனங்கள் அதை ஒரு கேள்வியாகவே வைத்திருக்கின்றன.

புரபோசலைக் கொண்டுவந்து கொடுத்த அன்று எங்கள் பொருளாளர், ஓய்வு பெற்ற வாத்தியார், பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பட்ஜெட் பக்கத்தில் நிறுத்திவிட்டார். "போக்குவரத்து" என்ற தலைப்புக்குக் கீழே "படகு வாடகை 1,20,000" என்று இருந்தது. முன்பக்கத்துக்குத் திரும்பினால் "சோமனூர் கடலோரப் பகுதி மக்கள்" என்று இருக்கிறது. பயனாளிகள் மீனவக் குடும்பங்களும் உப்பளத் தொழிலாளர்களும். நோய் என்று எழுதியிருந்தது உப்பளத்து வெயிலில் வரும் கண் பாதிப்பு. எங்கோ ஒரு கடற்கரை டிரஸ்டுக்கு எழுதியதை எடுத்து, ஊர்ப்பெயரை மட்டும் கம்ப்யூட்டரில் மாற்றியிருக்கிறார்கள். முழுப் புரபோசலில் தறி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை, காது என்ற சொல்லும் இல்லை. வாத்தியார் அதை மேசைமேல் வைத்துவிட்டு, "இது நம்மூரே இல்லீங்களே" என்றார். அந்தக் கடற்கரை மக்களுக்கும் எதுவும் கிடைத்திருக்காது என்பதுதான் எனக்கு அப்போது தோன்றியது.

கேட்டதற்கு, "டைப்பிங் மிஸ்டேக், மாத்திக்கலாம்" என்றார்கள். அடுத்த வாரமே மெயிலில் ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது! திருத்தாத புரபோசலுக்கு ஒப்புதல். ஒரு வெளிநாட்டு ஃபவுண்டேஷனின் பெயர், நீல முத்திரை, 48 லட்சம். பணத்தை விடுவிக்க "ரிசர்வ் வங்கி க்ளியரன்ஸ் கட்டணம்" 2,10,000 ரூபாய் கட்டவேண்டுமாம். அங்கேதான் நிறுத்தினோம். ரிசர்வ் வங்கி அப்படிப் பொதுமக்களிடம் கட்டணம் கேட்பதே கிடையாது. தன் பெயரில் வரும் இந்த மாதிரிக் கடிதங்களை நம்பாதீர்கள் என்று அதுவே பலமுறை எச்சரித்திருக்கிறது.

வெளிநாட்டுப் பணம் என்று சொல்லும்போதே இன்னொன்றைக் கவனியுங்கள். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ, முன்அனுமதியோ இல்லாமல் ஒரு டிரஸ்ட் வெளிநாட்டு நன்கொடை வாங்கவே முடியாது. பதிவு கேட்க டிரஸ்ட் மூன்று வருடமாவது நடந்திருக்கவேண்டும், கடைசி மூன்று நிதியாண்டில் 15 லட்சமாவது சேவைக்குச் செலவழித்திருக்கவேண்டும். பணம் முதலில் வந்து இறங்கவேண்டியது புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில். எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னோம். "அது ஒரு மேட்டரே இல்லீங்கண்ணா, வேற டிரஸ்ட் வழியா கொண்டாந்து உங்களுக்கு மாத்தி விட்டுருவோம்" என்றார். 2020 செப்டம்பரில் வந்த சட்டத் திருத்தம் அந்த வழியை முழுதாக அடைத்துவிட்டது. வெளிநாட்டு நன்கொடை வாங்கிய அமைப்பு அதை வேறு அமைப்புக்கு மாற்றவே கூடாது. இதைத் தெரிந்துகொண்டே ஒருவர் அப்படிச் சொன்னால், உங்கள் டிரஸ்டைக் கேஸில் மாட்டிவிடத் தயங்காத ஆள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் கொடுத்த பில்லையும் சொல்லவேண்டும். முகவரி கோயம்புத்தூர். ஜி.எஸ்.டி. எண் 29 என்று ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33 என்று இருக்கவேண்டும், 29 கர்நாடகா. ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் ரத்தான பதிவு என்று காட்டியது. பணம் போன வங்கிக் கணக்கோ வேறொரு பெயரில். எண்ணைத் தேடிப் பார்க்கக் காசு கிடையாது, லாகின் வேண்டாம். பணம் அனுப்பும் முன்னால் ஒரு நிமிஷம் பாருங்கள்.

இதைவிட எனக்குப் பயமாக இருப்பது அவர்கள் கையில் இருக்கும் எங்கள் காகிதங்கள்தான். பான் அட்டை, டிரஸ்டுக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி சான்றிதழ்கள், டிரஸ்ட் பத்திரம், கையெழுத்துப் போட்ட லெட்டர்பேடு தாள்கள் எல்லாம் "அப்லோடு பண்ணணும்" என்று வாங்கிக்கொண்டார்கள். டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் டி.எஸ்.சி. டோக்கனையும் கேட்டார்கள். அதைக் கொடுத்துவிட்டால் உங்கள் பெயரில் அவர்கள் எதை வேண்டுமானாலும் தாக்கல் செய்யலாம். எங்கள் செயலாளர் அம்மா, "அது எங்கிட்டயே இருக்கட்டுங்க" என்று மறுத்துவிட்டார். பிறகு வேறு டிரஸ்டுக்காரர்கள் சொல்லித்தான் முழு விஷயம் தெரிந்தது. சிலரிடம் இதே மாதிரி ஆட்கள், "கம்பெனி 20 லட்சம் போடும், 14 லட்சத்தை ரொக்கமாத் திருப்பிக் கொடுத்துருங்க, மீதி உங்களுக்கு" என்று கேட்டிருக்கிறார்களாம். நன்கொடை என்று கணக்குக் காட்டிவிட்டு, கணக்கில் வராத ரொக்கமாகத் திரும்ப எடுக்க உங்கள் 80ஜியைக் கேட்கிறார்கள். அதில் இறங்கினால் வருமான வரிப் பதிவு ரத்தாகும், அறங்காவலர்கள்தான் கோர்ட்டுக்கு அலையவேண்டும்.

கம்பெனி நிதி கேட்க என்ன வேண்டும் என்பதில் ரகசியமே கிடையாது. 12ஏ, 80ஜி, கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்-1 பதிவு, மூன்று வருட வேலைக்கான ஆதாரம், தணிக்கைக் கணக்கு. சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் உங்கள் ஆடிட்டர் கையெழுத்துப் போடலாம். எந்தக் கம்பெனி எந்த வேலைக்கு எவ்வளவு செலவழித்தது என்று தேசிய சி.எஸ்.ஆர். தளத்தில் போட்டிருக்கிறார்கள். நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலே ஒரு கம்பெனிக்குக் கடமை வந்துவிடும், மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கவேண்டும். நம் பக்கத்து மில்களிலும் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளிலும் அப்படிப்பட்டவை இருக்கின்றன. நேரில் போய்க் கேட்கலாம்.

எழுத உதவிக்கு ஆள் வைப்பதும் தப்பில்லை. எழுதிய வேலைக்குக் கூலி கொடுங்கள். கிடைக்கும் தொகையில் சதவீதம் கேட்பவர் வேண்டாம். கேரண்டி கொடுப்பவர் வேண்டவே வேண்டாம். முடிவெடுப்பது அந்த ஃபவுண்டேஷன். நடுவில் இருப்பவர் எதை வைத்து கேரண்டி கொடுப்பார்?

இப்போது நாங்களே எழுதிக்கொண்டிருக்கிறோம். எந்தக் குடோனில் எத்தனை தறி, எத்தனை ஷிப்ட், பரிசோதனையில் குறை தெரிந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, கிராண்ட் முடிந்தபிறகு மறுபரிசோதனையை யார் நடத்துவது. பணம் கொடுப்பவர்கள் கேட்பது இதைத்தான். இதற்கெல்லாம் பதில் எங்கள் நர்ஸ் அக்காவின் நோட்டிலும் தறிக்காரர்கள் வாயிலும்தான் இருக்கிறது.

டி.எஸ்.சி. டோக்கனை அவர்களிடம் கொடுக்கவில்லை என்றாலும், எதற்கும் இருக்கட்டும் என்று மாற்றிவிட்டோம். கையெழுத்துத் தாள்கள் வெளியில் இருப்பதை வங்கிக்கும் ஆடிட்டருக்கும் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் பதிவு செய்து, போலீஸிலும் மனு கொடுத்தாயிற்று. பணம் அனுப்பிய சில மணி நேரத்துக்குள் 1930-க்குக் கூப்பிட்டால் எதிர்க்கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம், அதனால் சந்தேகம் வந்த உடனே கூப்பிடுங்கள். 29 என்று ஆரம்பிக்கும் பில்லோ, படகு வாடகை போட்ட புரபோசலோ உங்களிடமும் இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பில், வங்கி ரசீது, வந்த மெயில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நீங்களும் தனியாக ஒரு புகார் கொடுங்கள். ஒரே ஆள்மேல் நாலைந்து டிரஸ்ட் புகார் கொடுத்தால் போலீஸ் இதை வெறும் கொடுக்கல் வாங்கல் தகராறு என்று ஒதுக்க முடியாது.