காத்தடிக்கிற கயாக்கா, பிளாஸ்டிக் கயாக்கா? மூணு வருஷம் ரெண்டையும் ஓட்டிட்டு சொல்றேன்

கயாக், அதாவது துடுப்பு போட்டு ஓட்டுற சின்னப் படகு, வாங்க நெனைக்கிறவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது, எது ஸ்பீடா போகும், எது கவுராதுன்னுதான். நான் திருப்பிக் கேக்குறது, உங்க வீடு எத்தனாவது மாடி, லிஃப்ட் இருக்கா, கார் மேல கேரியர் இருக்கா?

நான் இருக்கிறது மூணாவது மாடி, அதனால முதல்ல வாங்குனது ரெண்டு பேர் உக்கார்ற காத்தடிக்கிற கயாக். மடிச்சா பை மாதிரி டிக்கியில போட்டுக்கலாம், சென்னைப் பக்கத்து கோவளம் பேக்வாட்டர் கரையில பத்து நிமிஷம் பம்ப் அடிச்சா ரெடி. ஒன்றரை வருஷம் அதுலதான் ஓட்டுனேன், படுத்துனது தண்ணியில இல்ல, வீட்டுக்கு வந்தப்புறம்தான். உப்புத்தண்ணி போக நல்ல தண்ணியில கழுவணும், மடிப்புக்குள்ள ஈரம் இல்லாம காய வைக்கணும், ஒரு தடவ சோம்பேறித்தனத்துல அப்படியே சுருட்டி வெச்சேன், அடுத்த வாரம் பூஞ்சை. வெயில்ல ஃபுல்லா காத்தடிச்சு கரையில போட்டு வெச்சாலும் ஆபத்து, உள்ள காத்து சூடாகி விரிஞ்சு தையல் பிரியும், கொஞ்சம் எறக்கி விட்டுடணும். பாலத் தூண், பாறைன்னு சிப்பி ஒட்டியிருக்கிற எடத்துக்கு கிட்டயே போகாதீங்க, பிளேடு மாதிரி கிழிக்கும், எனக்குக் கிழிச்சுது, பேட்ச் ஒட்டி ஒரு நாள் முழுக்க காய விட வேண்டியதாப் போச்சு.

ஆனா நான் மாத்துனதுக்குக் காரணம் காத்து. ஜூன் ஜூலையில சென்னைப் பக்கம் காலைல மேலக்காத்து, கரையிலேர்ந்து கடல் பக்கமா தள்ளும். காத்தடிச்ச கயாக் லேசு, தண்ணிக்கு மேல தூக்கிட்டு நிக்கும், அதனால எலை மாதிரி அடிச்சிட்டுப் போகும். ஒருநாள் முகத்துவாரம் பக்கம் அப்படி இழுத்துட்டுப் போனப்போ, வலை போட்டுட்டிருந்த அண்ணன் ஒருத்தர் "தம்பி, அப்படியே கரையோரமா ஒட்டி வா, நடுவுல வராத"ன்னு கத்துனாரு. அவர் சொன்னபடி வந்ததாலதான் கரை சேர்ந்தேன். நேரா போறதுக்காக அடியில மாட்டுற துடுப்பு மாதிரி தகடு, ஃபின், அத மறந்துட்டு ஓட்டுனா இன்னும் மோசம், படகு சுத்திக்கிட்டேதான் இருக்கும்.

அதுக்கப்புறம் பத்தடி பிளாஸ்டிக் சிட்-ஆன்-டாப், அதாவது குழிக்குள்ள இல்லாம மேலயே உக்காந்து ஓட்டுற மாடல், வாங்கி, தண்ணிக்குப் பக்கத்துல நண்பர் வீட்டுக் கார் ஷெட்ல வெச்சிருக்கேன். அந்த எடம் கெடைக்கலன்னா வாங்கியிருக்கவே மாட்டேன், 25 கிலோ, தனியா மாடி ஏத்த முடியாது. ஏறுற தண்ணி ஓட்டை வழியா தானா வடிஞ்சிடும், கவுந்தாலும் திருப்பிப் போட்டு வயிறு படிய ஏறிடலாம். உள்ள உக்கார்ற மாடல் கவுந்தா உள்ள முழுக்க தண்ணி ரொம்பும், பழகாதவங்க அதுல ஆரம்பிக்காதீங்க, நம்மூரு வெயில்ல காலும் வேகும். அகலம் 75 செ.மீ.க்கு மேல இருந்தா ஆட்டம் கம்மி, ஆனா மெதுவாத்தான் போகும். நீளம் கூடுனா நேரா ஓடும், திருப்புறது கஷ்டம்.

எடைக் கணக்குல மட்டும் ஏமாறாதீங்க. 180 கிலோ தாங்கும்னு போட்டிருந்தா 120 கிலோன்னு வெச்சுக்கங்க, அதுக்கு மேல போனா அமுங்கி ஒவ்வொரு துடுப்புக்கும் இழுக்கும். 75 செ.மீ.க்கு மேல அகலமான படகுக்கு துடுப்பு 230 செ.மீ.யாவது வேணும், கட்டையா வாங்குனா விரல் முட்டி படகு ஓரத்துல இடிச்சிக்கிட்டே இருக்கும். கடைக்காரர் செட்டோட தர்ற துடுப்ப கையில புடிச்சு, உக்காந்து பாத்துட்டு வாங்குங்க. பட்ஜெட் இடிச்சா படகுல கொறச்சுக்கங்க, லைஃப் ஜாக்கெட்ல கொறைக்காதீங்க.