பணம் கைக்கு வராமல் ‘வந்துவிட்டது’ என்று கையெழுத்துப் போடாதீர்கள்

செங்கல்பட்டுப் பக்கம் மனை வாங்கப் போய் 18 லட்சம் ஏமாந்தவன் நான். அந்தக் கதை ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும். இந்தப் பதிவு மனை விற்பதாகச் சொன்ன அதே ஆளிடம் இரண்டாம் தடவை ஏமாந்ததைப் பற்றியது. இந்தத் தடவை ஐகோர்ட்டில், நீதிபதிக்கு முன்னால், என் வாயாலேயே ஏமாந்தேன்.

முதல் பாகம் சுருக்கமாக. பத்திரத்தாளில் எழுதி, பதிவு செய்யாத அக்ரிமெண்ட். பணத்தை மூன்று தவணையாகக் கொடுத்தேன். கிரயம் தள்ளிக்கொண்டே போனது. சந்தேகம் வந்து வில்லங்கம் போட்டுப் பார்த்தால், மனை வேறொருவர் பெயருக்குப் போயிருந்தது. 2023-ல் குற்றப்பிரிவில் புகார். 406 (நம்பிக்கை மோசடி), 420 (ஏமாற்றுதல்) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். அவர் முன்ஜாமீன் வாங்கிவிட்டார். அதற்கப்புறம் வழக்கு ஒரு அடி நகரவில்லை.

திடீரென்று போன வருஷம் அவரே போன் செய்தார். “தம்பி, பேசி முடிச்சுக்கலாம். நமக்குள்ள எதுக்கு கேஸு?” சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகவேண்டுமாம், பாஸ்போர்ட் புதுப்பிக்க எஃப்.ஐ.ஆர். இடிக்கிறதாம். அவருக்கு அவசரம் என்பது அன்றைக்கே என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. பணம் வருகிறது என்ற சந்தோஷம்தான் ஏறியது.

பயமுறுத்தவும் செய்தார்கள். “ஆரம்பத்துலேயே ஏமாத்துற எண்ணம் இருந்துச்சுன்னு நீங்க நிரூபிக்கணும் சார். இல்லேன்னா இது வெறும் ஒப்பந்த மீறல், சிவில்னு கேஸே நிக்காது” என்றார் அவருடைய வக்கீல். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 420-க்கு அந்த ஆரம்ப எண்ணம்தான் உயிர். மூன்றாவது தவணை வாங்குவதற்கு முன்பே மனையை விற்றுவிட்டார் என்பதற்கு வில்லங்கச் சான்றே சாட்சி, அதைச் சொல்ல எனக்கென்று ஒரு வக்கீல் பக்கத்தில் இல்லை. எனக்காக வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவரை ஏற்பாடு செய்ததும் அவர்கள்தான், ஃபீஸ் கொடுத்ததும் அவர்கள்தான். “செலவு மிச்சம் மச்சான்” என்று என் மனைவியின் தம்பியிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

பேசி முடித்தது 14 லட்சம். கையெழுத்துப் போட்ட அன்று 5 லட்சத்துக்கு டி.டி. மிச்சம் 9 லட்சத்துக்கு, மாதம் ஒன்றாகத் தேதி போட்ட மூன்று செக். எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய ஐகோர்ட்டில் போடும் சமரச மனுவில் மட்டும் “முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை” என்று இருந்தது. செக்கைப் பற்றி ஒரு வரி கிடையாது. கேட்டேன். “செக்குன்னு எழுதினா ஜட்ஜ் கேஸைத் தள்ளி வெச்சுடுவாரு சார், இது ஃபார்மாலிட்டி” என்றார் ‘என்’ வக்கீல். தள்ளி வைத்திருந்தால் எனக்குத்தானே நல்லது! இப்போது புரிகிறது.

எஃப்.ஐ.ஆர். பழைய சட்டப்படி என்றாலும், ரத்து செய்யக் கோரும் மனு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 528-ஆவது பிரிவில் போனது. முன்பு அது 482. இப்படி சமரசத்தை வைத்து ரத்து செய்ய ஐகோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று 2012-ல் ஞான் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றில் முடியாது. கொடுக்கல் வாங்கல், வியாபாரத் தகராறு போல சிவில் தன்மை மேலோங்கிய வழக்குகளில் முடியும். அதற்காக நிலம், பணம் என்றாலே ரத்துதான் என்றும் இல்லை. 2017-ல் பர்பத்பாய் வழக்கில், போலிப் பத்திரம் தயாரித்து நிலத்தை அபகரித்ததாகக் குற்றச்சாட்டு. இரு தரப்பும் சமரசம் என்று வந்து நின்றும் கோர்ட் ரத்து செய்ய மறுத்துவிட்டது. என்னுடையது போன்ற தனி ஆள் வழக்கில் எல்லாம் தொங்குவது புகார்தாரர் சம்மதத்தில்தான். அதாவது எதிராளிக்குத் தேவைப்படும் சரக்கு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, என் கையெழுத்து. அதை நான் கடனுக்கு விற்றேன்.

விசாரணை அன்று ஆதார் நகலோடு நின்றோம். இன்ஸ்பெக்டர் எங்களை அடையாளம் சொன்னார். நீதிபதி என்னைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்: “பணம் வந்துடுச்சா? யாராவது மிரட்டி வரச் சொன்னாங்களா?” பக்கத்தில் நின்ற வக்கீல் முழங்கையால் லேசாக இடித்தார். “வந்துடுச்சுங்க ஐயா” என்றேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, எஃப்.ஐ.ஆர். ரத்து, அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். கோர்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டது. பொய் சொன்னவன் நான்.

முதல் செக்கை “அடுத்த மாசம் போடுங்க தம்பி” என்று கெஞ்சியே மூன்று மாதம் தாண்ட வைத்தார். செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான்; அது செல்லாத காகிதமானது. இரண்டாவது, பணமில்லை என்று திரும்பியது. மூன்றாவதற்கு ‘ஸ்டாப் பேமெண்ட்’ கொடுத்திருந்தார். அதற்குள் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அனுப்பினேன். 15 நாள் கெடு முடிந்ததும், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் 138 வழக்கு, அதாவது செக் திரும்பியதற்கான வழக்கு, போட்டேன்.

நோட்டீஸுக்கு அவர் அனுப்பிய பதிலைப் படித்த அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்ட சமரச மனுவின் நகலையே இணைத்திருந்தார். ‘ஐகோர்ட்டிலேயே முழுத் தொகையும் வந்ததாகச் சொன்னவருக்கு நான் எந்தக் கடனும் பாக்கி இல்லை.’ செக் வைத்திருப்பவர் பக்கம், அது கடனுக்காகக் கொடுத்ததுதான் என்று சட்டத்தின் அனுமானம் உண்டு, வாதாடலாம் என்கிறார் புது வக்கீல் (இவருக்கு என் காசு). ஆனால் ரத்தான வழக்கை மீண்டும் உயிர்ப்பிப்பது பெரும்பாடு. முடித்த உத்தரவை எழுத்துப்பிழை தவிர மாற்றக்கூடாது என்று சட்டமே தடுக்கிறது. மோசடி செய்து வாங்கிய உத்தரவு என்று மனு போட்டால், முதல் கேள்வி என்னிடம்தான் வரும்: “அன்னைக்கு ஏன் ஆமான்னு சொன்னே?”

இதே நிலையில் யாராவது இருந்தால், உங்கள் காசில் உங்கள் வக்கீலை வையுங்கள். முழுப் பணமும் கணக்கில் ஏறிய பிறகு மனுவில் கையெழுத்துப் போடுங்கள். வங்கிப் பரிமாற்ற எண்ணை மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். அல்லது டி.டி.யை நீதிபதி முன்னிலையில் வாங்கி, அதை உத்தரவில் பதிவு செய்யக் கேளுங்கள். தவணைதான் என்று பிடிவாதம் பிடித்தால், செக் எண், தேதி எல்லாம் மனுவில் வரட்டும், கடைசித் தவணை வரும்வரை வழக்கைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். அவசரம் அவர்களுக்குத்தான்.

என் 138 வழக்கில் போன வாரம் வாய்தா. இடைக்கால இழப்பீடாகச் செக் தொகையில் 20 சதவீதம் வரை கேட்கலாம் என்றார் வக்கீல். அதற்கு முதலில் அவர் கோர்ட்டுக்கு வரவேண்டும். சம்மன் ‘கதவு பூட்டியிருக்கிறது’ என்று திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். பாஸ்போர்ட் வந்துவிட்டதாம், மகளோடு இருக்கிறாராம்.