வாடகைக்கு ‘அரசாங்க கிராண்ட்’ எடுத்துத் தருகிறேன் என்பவர்களிடம் கவனம்

லண்டனில் வாடகை வீட்டில் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் ‘அரசாங்கம் வாடகைக்குக் காசு கொடுக்குதாம், நான் எடுத்துத் தாறன்’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் முழுதாக வாசித்துவிட்டு அவரிடம் போங்கள்.

2024 செப்டம்பரில் என் கணவருக்கு முதுகில் ஒப்பரேசன். பெற்றோல் நிலையத்தில் நின்றபடி வேலை செய்பவர். குறைந்தது மூன்று மாதத்துக்கு வேலைப் பக்கம் போகக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வேலையிடத்தில் கிடைத்தது சட்டப்படியான சிக் பே மட்டும். அந்த வருடம் அது வாரத்துக்கு 116 பவுண் 75 பென்ஸ். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் பகுதிநேரம். வாடகை மாதம் 1,650. இரண்டு பிள்ளைகள். ஒக்டோபர் வாடகையைச் சீட்டுக்காசை எடுத்துக் கட்டினேன். நவம்பருக்கு எடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

கோயிலில் பழக்கமான ஒரு அக்காதான் அந்த ஆளைப் பற்றிச் சொன்னார். போம் நிரப்பிக் கொடுப்பவராம், பலருக்கு உதவி செய்திருக்கிறாராம். ஒரு போன் கடைக்கு மேலே சின்ன அறை. படியேறும்போதே கீழேயிருந்து ரோல்ஸ் பொரிக்கும் மணம். உள்ளே ஒரு மேசை, லப்டொப், சுவரில் பிள்ளையார் கலண்டர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும், நல்ல மரியாதையான பொடியன். “அக்கா, இருங்கோ. அண்ணைக்கு இப்ப எப்படி இருக்கு?” என்றுதான் பேச்சையே தொடங்கினார். நான் விசயத்தைச் சொன்னதும், “ஒண்டும் யோசிக்காதேங்கோ. கஷ்டப்படுற ஆக்களுக்கு வாடகைக்கெண்டே கவுன்சில் கிராண்ட் இருக்கு. திருப்பிக் கட்டத் தேவையில்லை” என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் என்னை விழுத்தியது. டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமென்ட், சுருக்கமாக டி.எச்.பி. என்று ஒரு உதவி 2001 முதல் இருந்தது. யூனிவர்சல் கிரெடிட்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவி) வாடகைக்குத் தரும் பங்கோ, ஹவுசிங் பெனிபிட் என்ற பழைய வாடகை உதவியோ உண்மையான வாடகைக்குப் போதாமல் இருந்தால், மிச்சத்துக்கு உள்ளூராட்சியான கவுன்சில் உதவியது. திருப்பிக் கட்டத் தேவையில்லை என்பதும் சரிதான். அவர் சொல்லாமல் விட்டது என்னவென்றால், என்னைப் போன்றவர்கள் யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பங்கு கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் டி.எச்.பி. கேட்கவே முடிந்தது. இன்னொன்று, அதற்கு விண்ணப்பிக்க ஒரு சதமும் செலவில்லை.

லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு என் பாஸ்போட், வங்கி அட்டை, கணவரின் சம்பளத் துண்டு எல்லாவற்றையும் வாங்கித் தட்டினார். என் போனை மேசையில் வைக்கச் சொன்னார். ஒரு எண் வந்தது, “அதைச் சொல்லுங்கோ அக்கா” என்றார், சொன்னேன். அரை மணித்தியாலம் இருக்கும். “யூனிவர்சல் கிரெடிட்டும் போட்டிருக்கிறன், கவுன்சில் கிராண்டும் போட்டிருக்கிறன். ஜொப் சென்டரிலை கூப்பிட்டால் ஐடியைக் காட்டுங்கோ, வேற ஒண்டும் கதைக்காதேங்கோ” என்றார். அந்தக் கடைசி வரியில் எனக்கு ஒரு பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

ஜொப் சென்டர் போய் வந்த சில நாளில் கணக்கில் 1,320 பவுண் விழுந்தது. அன்று பின்னேரமே அவர் போன் எடுத்தார். “கிராண்ட் வந்திட்டுது போல?” அவருடைய பங்கு 400. காசாகத்தான் வேணுமாம். கொண்டுபோய்க் கொடுத்தேன், நன்றியும் சொன்னேன். ரசீது கேட்டபோது சிரித்தார்: “எங்கடை ஆக்களுக்குள்ள என்ன அக்கா ரசீது?” வரும்போது வெட்கத்தோடு ஒரு பெட்டி லட்டும் கொடுத்துவிட்டு வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இப்போதும் அந்த லட்டுதான் 400 பவுணைவிட அதிகம் உறுத்துகிறது.

அந்த 1,320 கிராண்டே இல்லை. யூனிவர்சல் கிரெடிட்டின் முதல் கொடுப்பனவு வர ஏறத்தாழ ஐந்து வாரம் எடுக்கும். அதுவரை சமாளிக்க அவர்கள் தருவது அட்வான்ஸ். அட்வான்ஸ் என்றால் கடன். வட்டி இல்லை, ஆனால் அடுத்தடுத்த மாதக் கொடுப்பனவுகளிலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். எனக்கு 24 மாதம், மாதம் 55 பவுண். ஆக, எனக்கே வரவேண்டிய காசை முன்கூட்டி எடுத்து அதில் 400-ஐத் தன் பொக்கற்றில் போட்டிருக்கிறார். அந்த 400-ஐயும் நான்தான் கட்டுகிறேன்.

இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை, புதிதும் இல்லை. இதே அட்வான்சை ‘அரசாங்க கிராண்ட்’ என்று சொல்லி, ஆட்களின் பெயரில் எடுத்துப் பங்கு பிடித்த கூட்டங்களைப் பற்றி 2019-இலேயே இங்கே செய்திகளில் பெரிதாக வந்தது. நான் தமிழ்ச் செய்தி மட்டும் பார்க்கிற ஆள். கண்ணில் படவில்லை.

400 பவுணோடு போயிருந்தால் பாடம் என்று விட்டிருப்பேன். பெரிய இடி அதற்குப் பிறகுதான். நவம்பர் கடைசியில் முதல் கொடுப்பனவு வந்தது. பார்த்தால் நினைத்ததில் பாதிகூட இல்லை. அவருக்குப் போன் எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் “பிஸி அக்கா, திங்கள் எடுக்கிறன்” என்று ஒரு மெசேஜ். அந்தத் திங்கள் இன்னும் வரவில்லை.

நானாக உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் லொகின் இல்லை. கணக்கைத் திறந்தது அவருடைய இமெயிலில். உதவி எண்ணுக்கு எடுத்து, கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, கணக்கை என் பெயருக்கு மீட்க இரண்டு நாள். மகள்தான் உட்கார்ந்து ஜேர்னலை, அதாவது கணக்குக்குள் அவர்கள் மெசேஜ் போடும் பக்கத்தை, திறந்தாள். அதற்குள் வாசிக்காத மெசேஜ் ஒன்பது. வீட்டு ஒப்பந்தத்தை அனுப்புங்கள், வாடகையை உறுதிப்படுத்துங்கள் என்று அவர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்திருக்கிறார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. அதனால் வாடகைப் பங்கே சேர்க்கப்படவில்லை. போதாததற்கு, எனக்கு வருமானமே இல்லை என்று அவர் போட்டிருக்கிறார். வருமானத்தைக் குறைத்தால் அட்வான்ஸ் கூடக் காட்டும், அவருடைய பங்கும் கூடும். ஆனால் என் பள்ளிக்கூடச் சம்பளம் வரி இலாகா வழியாக அவர்களுக்குத் தானாகவே தெரியும். முதல் கொடுப்பனவில் அதையும் கழித்துவிட்டார்கள்.

கவுன்சிலுக்கு எடுத்துக் கேட்டேன். என் பெயரில் டி.எச்.பி. விண்ணப்பம் எதுவும் வரவில்லை. அவர் எனக்குக் காட்டிய ‘கவுன்சில் ரெஃபரன்ஸ்’ எண், யூனிவர்சல் கிரெடிட்டுக்குப் போட்டபோது வந்த எண்.

டிசம்பர் கடைசியில் வீட்டுக்காரரிடமிருந்து நோட்டீஸ். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் மோட்கேஜ் இருக்கிறது. அப்போதைய சட்டப்படி இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்தாலே கோர்ட்டுக்குப் போகலாம். கணவர் கட்டிலில் படுத்தபடியே அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரியில், என்னோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரப் பெண் சொல்லித்தான் இலவச ஆலோசனை நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் வயதான மனிதர், கை நடுக்கத்தோடுதான் தட்டினார். ஆனால் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, என் பதிலைக் கேட்டு, நான் தலையாட்டிய பிறகே அடுத்ததுக்குப் போனார். முதலில் வீட்டு ஒப்பந்தத்தை ஜேர்னலில் ஏற்றி வாடகைப் பங்கை நிமிர்த்தினோம். அது சரியான பிறகு டி.எச்.பி. விண்ணப்பம், நாற்பது நிமிடம். வங்கி விபரம், வாடகை நிலுவை, கணவரின் ஆஸ்பத்திரிக் கடிதம், மாத வரவு செலவுக் கணக்கு. அவ்வளவுதான். மாதம் 210 பவுண் வீதம் ஆறு மாதத்துக்குக் கவுன்சில் ஒத்துக்கொண்டது. அது நேரே வீட்டுக்காரரின் கணக்குக்குப் போனது. பழைய நிலுவைக்கு வீட்டுக்காரரோடு தவணை பேசினோம். கோர்ட்டுவரை போகாமல் தப்பினோம்.

ஒன்று சொல்ல வேண்டும்: டி.எச்.பி. கேட்ட எல்லாருக்கும் கிடைத்ததில்லை. பெயரிலேயே இருக்கிறது, ‘டிஸ்கிரிஷனரி’ என்றால் கவுன்சிலின் விருப்பம். 2020-21இல் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் சேர்த்து மத்திய அரசு ஏறத்தாழ 180 மில்லியன் பவுண் கொடுத்தது. நான் விண்ணப்பித்த வருடம் அது 100 மில்லியன்தான். மறுத்தால் கவுன்சிலிடமே மறுபரிசீலனை கேட்க முடிந்தது, ட்ரைபியூனல் என்ற மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போக முடியவில்லை. இங்கிலாந்தில் 2026 ஏப்ரலில் இருந்து இது கிரைசிஸ் அன்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற புதிய நிதிக்குள் போய்விட்டது. விண்ணப்பிக்கும் இடம் அதே கவுன்சில்தான். பெயர் மாறும் நேரம் இந்த மாதிரி ஆட்களுக்கு நல்ல சீசன். ‘புது கிராண்ட் வந்திருக்கு’ என்று இப்போதே வட்சப்பில் சுற்றுகிறது.

விசாவில் ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’, அதாவது அரசாங்க உதவிப்பணம் எடுக்கக்கூடாது, என்று போட்டிருப்பவர்கள் இன்னும் கவனம். உங்கள் பெயரில் யாராவது யூனிவர்சல் கிரெடிட் போட்டால் பணத்தோடு நிற்காது, விசாவே சிக்கலாகும். அதை அந்தப் பொடியன் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

மற்றது, கணக்குத் திறந்தால் உங்கள் சொந்த இமெயிலில் திறவுங்கள். போனுக்கு வரும் எண்ணை வாய் திறந்து சொல்லாதீர்கள். யாரோ போட்டுக் கொடுத்து, ‘கிராண்ட்’ என்று காசு வந்திருந்தால் இன்றைக்கே ஜேர்னலைத் திறந்து அட்வான்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கடன்.

அந்தப் பொடியனைப் பற்றி மோசடிப் பிரிவுக்கும் பொலிசுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இங்கே பெயரையும் இடத்தையும் போடவில்லை, இன்பொக்சில் கேட்காதீர்கள். காசு என் கணக்குக்குத்தான் வந்தது, அதனால் கடன் என்னுடையது என்று பதில் வந்தது. கோயில் அக்காவிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை. அப்புறம் தன் ஜேர்னலைத் திறந்து காட்டச் சொன்னார். அவருடையதும் அட்வான்ஸ்தான், 900 பவுண். அதில் 300 அந்தப் பொடியனுக்கு.

போன கிழமை அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். போன் கடை அப்படியே இருக்கிறது, மேல் ஜன்னலில் புது போர்ட் தொங்குகிறது. என் கணக்கில் இன்னும் ஐந்து தவணை, 275 பவுண் மிச்சம்.