பவர் ஃபார்வர்டுகளில் டன்கனுக்கு அடுத்தவர் யார்?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ வரலாற்றின் தலைசிறந்த பவர் ஃபார்வர்டு யார் என்று கேட்டால் பெரும்பாலும் டிம் டன்கன் என்றுதான் பதில் வரும். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. வாக்குவாதம் சூடுபிடிப்பது அதற்கு அடுத்த படியில். புள்ளிக் கணக்கைப் பார்ப்பவர்கள் கார்ல் மலோனைச் சொல்வார்கள். டல்லஸ் அணி 2011-ல் வென்ற கோப்பையை மறக்காதவர்கள் டர்க் நோவிட்ஸ்கியைச் சொல்வார்கள். இளைஞர்கள் யானிஸ் ஆன்டெடோகுன்போ என்பார்கள். நான் கெவின் கார்னெட்டைச் சொல்கிறேன். அதோடு, டன்கனுக்கும் அவருக்கும் இடையே உள்ள தூரம், கோப்பைகளை மட்டும் எண்ணுகிறவர்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு என்றும் சொல்கிறேன்.

முதலில் அளவுகோல். பவர் ஃபார்வர்டு என்பவர், அணியின் உயரமான நடு வீரரான சென்டருக்குத் துணையாகக் கூடைக்கடியில் நிற்பவர். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்து ரீபவுண்டு எடுக்க வேண்டும், உள்ளே பாய்ந்து வருபவரைத் தடுக்க வேண்டும், பந்து கைக்கு வந்தால் புள்ளியும் எடுக்க வேண்டும். அவருடைய வேலையில் பாதி, எதிரணியிடம் பந்து இருக்கும்போது நடக்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டுப் போடும் வரிசை எனக்கு வரிசையாகவே படவில்லை.

டன்கன் கரீபியக் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவில் வளர்ந்தவர். சிறுவயதில் நீச்சல்தான் அவருடைய விளையாட்டு. 1989-ல் வீசிய ஹியூகோ சூறாவளி அங்கிருந்த நீச்சல் குளத்தை நாசமாக்கிய பிறகே கூடைப்பந்துக்கு வந்தார். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடி முடித்து, புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், 1997-ல் முதல் தேர்வாக சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்குப் போனார். 19 பருவங்கள், ஒரே அணி, ஐந்து கோப்பைகள்: 1999, 2003, 2005, 2007, 2014. லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் அணிகளில் 15 முறை இடம்பிடித்தவர்.

இவற்றில் 2003 தனியாக நிற்கிறது. அணியின் மூத்த சென்டர் டேவிட் ராபின்சனுக்கு அது ஓய்வுபெறும் ஆண்டு. டோனி பார்க்கருக்கு அப்போதுதான் 21 வயது ஆகிக்கொண்டிருந்தது. மனு ஜினோபிலிக்கு முதல் பருவம். அந்த அணியை வைத்துக்கொண்டு, தொடர்ந்து மூன்று முறை கோப்பை வென்றிருந்த லேக்கர்ஸை வீட்டுக்கு அனுப்பினார் டன்கன். அந்தத் தொடரை முடித்துவைத்த ஆட்டத்தில் அவர் எடுத்தவை 37 புள்ளிகள், 16 ரீபவுண்டுகள். இறுதித் தொடரில் நியூ ஜெர்சி நெட்ஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் 21 புள்ளிகள், 20 ரீபவுண்டுகள், 10 அசிஸ்ட்டுகள் (சக வீரர் புள்ளி எடுக்க உதவிய பாஸ்கள்), 8 பிளாக்குகள் (தட்டித் தடுத்த ஷாட்டுகள்). கோப்பையைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் ஒரே மனிதர் இவ்வளவையும் செய்ததை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஆரவாரமாக யாரும் கொண்டாடாத ஆட்டம் அவருடையது. பலகையில் பட்டுக் கூடைக்குள் விழும் அந்த நேர்த்தியான ஷாட், சரியான இடத்தில் நிற்கும் கால்கள், அவ்வளவுதான்.

அவர் உண்மையில் சென்டர், இந்தப் பட்டியலிலேயே வரக்கூடாது என்று ஒரு வாதம் உண்டு. பின்னாளில் அவர் அதிகமும் சென்டராக ஆடினார் என்பது சரி. ஆனால் ராபின்சனுக்குப் பக்கத்தில் ஆடிய உச்சகாலத்தில், பருவத்தின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருதுகள் இரண்டையும் வாங்கியபோது, அவர் ஃபார்வர்டு. எனக்கு அது போதும்.

சரி, கார்னெட்டுக்கு வருவோம். பள்ளியை முடித்த கையோடு 1995-ல் ஐந்தாவது தேர்வாக மின்னசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணிக்கு வந்தவர். 1997 முதல் 2003 வரை ஏழு ஆண்டுகள் அந்த அணி, பருவம் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப்பில் தொடர்ந்து முதல் சுற்றிலேயே தோற்றது. அவற்றில் இரண்டு முறை, 1999-லும் 2001-லும், தோற்கடித்தது டன்கனின் ஸ்பர்ஸ்தான். "நேருக்கு நேர் மோதியபோது யார் ஜெயித்தார் பாருங்கள்" என்பார்கள். ஜெயித்தது அணி. அதைப் பார்க்காமல் இந்த இருவரை ஒப்பிடவே முடியாது.

டன்கன் வந்து இறங்கிய இடத்தில் ராபின்சன் இருந்தார், பயிற்சியாளர் கிரெக் போபோவிச் இருந்தார். கார்னெட்டுக்கோ அருகில் நின்று வளர வேண்டிய ஸ்டீஃபன் மார்பரி 1999-ல் அணியை விட்டுப் போனார். 2000 மே மாதத்தில் நண்பரும் சக வீரருமான மாலிக் சீலி கார் விபத்தில் இறந்தார். அதே ஆண்டில், ஜோ ஸ்மித் என்ற வீரருடன் நிர்வாகம் விதிகளை மீறி ரகசிய ஒப்பந்தம் போட்டது அம்பலமாகி, டிராஃப்ட்டில் முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள் பலவற்றை லீக் பறித்துக்கொண்டது. நிர்வாகத்தின் தவறுக்குக் கார்னெட்டின் இளமை பலியானது என்றுதான் நான் சொல்வேன். அதோடு 1997-ல் அவர் கையெழுத்திட்ட 12.6 கோடி டாலர் ஒப்பந்தமும் அணியின் சம்பளக் கணக்கை இறுக்கியது. டன்கன் தன் கடைசிக் காலத்தில் சம்பளத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு இடம் விட்டார். அந்தப் பெருமையை அவருக்குத் தர வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் கார்னெட் ஆடிய ஆட்டம் என்ன? தொடர்ந்து ஆறு பருவங்கள் சராசரியாக 20 புள்ளிகள், 10 ரீபவுண்டுகள், 5 அசிஸ்ட்டுகளுக்குக் குறையவில்லை. கிட்டத்தட்ட ஏழடி உயரம். ஆனால் பந்தைக் கொண்டுவருவார், பாஸ் கொடுப்பார், தூரத்திலிருந்து குதித்து ஷாட் போடுவார், எதிரணியில் பந்தை நடத்தும், உயரம் குறைந்த கார்டு முன்னால் வந்தாலும் நகர்ந்து நகர்ந்து தடுப்பார். 2003-ல் சாம் கசெல், லட்ரெல் ஸ்ப்ரீவெல் என்று உருப்படியான துணை கிடைத்ததும் அணி 58 ஆட்டங்களை வென்றது, கார்னெட் எம்விபி ஆனார். சாக்ரமென்டோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம் அவருடைய 28-வது பிறந்தநாளில் நடந்தது. 32 புள்ளிகள், 21 ரீபவுண்டுகள். அடுத்த சுற்றில் கசெல் காயத்தோடு திணற, லேக்கர்ஸிடம் தோற்றார்கள். மறு ஆண்டு பிளேஆஃப்புக்கே போகவில்லை.

அப்புறம் பாஸ்டன். 2007-ல் கார்னெட்டுக்காக செல்டிக்ஸ் ஐந்து வீரர்களையும் இரண்டு தேர்வு உரிமைகளையும் கொடுத்தது. முந்தைய பருவத்தில் 24 வெற்றிகள் மட்டுமே கண்ட அணி 66 வெற்றிகள் பெற்றுக் கோப்பையையும் தூக்கியது. பால் பியர்ஸ், ரே ஆலன் போன்ற ஷூட்டர்கள் பக்கத்தில் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் அந்த அணியை லீக்கின் மிகச் சிறந்த தடுப்பு அணியாக்கியவர் கார்னெட். புள்ளிச் சராசரி 20-க்குக் கீழே போனது, அவர் கவலைப்படவில்லை. அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்குத்தான். சரியான அணியில் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருந்தால் அவர் விரலில் எத்தனை கோப்பை மோதிரங்கள் இருந்திருக்கும் என்ற கேள்விக்கு அந்த ஒரு பருவமே பதில். என்றாலும் டன்கனை முதலிடத்தில் வைக்கிறேன். கூடைக்கடியில் நின்று, இரண்டு பேர் சூழ்ந்தாலும் புள்ளி எடுக்கும் திறமை அவரிடம் கூடுதல்.

மலோனின் எண்கள் பிரமாண்டமானவை. 36,928 புள்ளிகள். யூட்டா ஜாஸ் அணிக்காக 18 பருவங்களில் அவர் தவறவிட்டவை வெறும் 10 ஆட்டங்கள். ஜான் ஸ்டாக்டனும் அவரும் ஆடிய பிக் அண்ட் ரோல் (ஒருவர் தடுப்பவரை மறித்துவிட்டுக் கூடையை நோக்கிப் பாய, மற்றவர் பாஸ் கொடுக்கும் உத்தி) எல்லோருக்கும் தெரிந்த வித்தை, தெரிந்தும் யாராலும் நிறுத்த முடியாத வித்தை. 35 வயதில் எம்விபி வாங்கினார். 1998 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் மைக்கேல் ஜோர்டான் பின்னாலிருந்து வந்து அவரிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்ததுதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அதே ஆட்டத்தில் மலோன் 31 புள்ளிகள் எடுத்தார், முந்தைய ஆட்டத்தில் 39 எடுத்து சிகாகோவிலேயே ஜெயிக்க வைத்தார். அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

ஆனால் 1997 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், ஸ்கோர் சமமாக இருந்த கடைசி வினாடிகளில் யாரும் தடுக்காமல் போடக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் தவறவிட்டவரும் அவர்தான். அது ஒரு நாள் சறுக்கல் என்று விட்டுவிடலாம். விட முடியாதது வேறொன்று: வழக்கமான பருவத்தில் 51.6 சதவீதமாக இருந்த அவருடைய ஷூட்டிங், பிளேஆஃப்பில் 46.3-க்கு இறங்குகிறது. நல்ல தடுப்பணி ஒன்று ஸ்டாக்டனின் பாஸை அடைத்துவிட்டால், தானாக ஒரு ஷாட்டை உருவாக்கிக்கொள்ள மலோன் திணறினார்.

நோவிட்ஸ்கியிடம் நடந்தது இதற்கு நேர்மாறு. பருவத்தில் சராசரி 20.7 புள்ளிகள், பிளேஆஃப்பில் 25.3. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கிலிருந்து ஒல்லியாக வந்த இந்த ஏழடிக்காரரை டல்லஸ் ரசிகர்கள் ஆரம்பத்தில் நம்பவில்லை. 2006 இறுதித் தொடரில் 2-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு மயாமியிடம் நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து இழந்தார்கள். 2007-ல் 67 வெற்றிகளோடு வந்து, எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட்டிடம் முதல் சுற்றிலேயே விழுந்தார்கள். அதன்பின் வந்தது 2011. ஒக்லஹோமா சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 48 புள்ளிகள், 24 ஃப்ரீ த்ரோவில் 24-ம் உள்ளே. இறுதியில் லெப்ரான் ஜேம்ஸ், ட்வெய்ன் வேட், கிறிஸ் பாஷ் மூவரும் சேர்ந்து நின்ற மயாமியை 4-2 என்று வென்றார். ஒற்றைக் காலைத் தூக்கிப் பின்னால் சாய்ந்து போடும் அந்த ஷாட்டைத் தடுக்க யாரிடமும் கை நீளவில்லை. தடுப்பில் அவர் பலவீனம், சக வீரர் டைசன் சாண்ட்லர் அதை மறைத்தார். கார்னெட்டை அவர் முந்தாததற்கு எனக்கு உள்ள ஒரே காரணம் அதுதான். மலோனை முந்துகிறார்.

சார்லஸ் பார்க்லியை இன்னும் கீழே வைப்பது எனக்கே வலிக்கிறது. பதிவில் ஆறரை அடி, உண்மையில் அதற்கும் குறைவு. அந்த உயரத்தோடு 1987-ல் லீக்கிலேயே அதிக ரீபவுண்டு சராசரி, 14.6. 1993-ல் எம்விபி, சியாட்டிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 44 புள்ளிகளும் 24 ரீபவுண்டுகளும். தாக்குதலில் மட்டும் வரிசை போட்டால் முதல் மூவரில் வருவார். தடுப்பில் அவர் மனம் வைத்த நாட்கள் குறைவு. பாஸ்டனின் கெவின் மெக்ஹேலுக்குக் கூடைக்கடியில் இருந்த நகர்வுகள் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை, ஆனால் லாரி பேர்டின் நிழலிலேயே ஆடியவரை இதற்கு மேல் ஏற்ற முடியவில்லை.

பாப் பெட்டிட் லீக்கின் முதல் எம்விபி. 1958-ல் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் கோப்பை வென்ற ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்தார். எட்டே அணிகள், கறுப்பின வீரர்களுக்குக் கதவு முழுதாகத் திறக்காத காலம் அது. அந்தச் சாதனையைப் போற்றலாம், பின்னால் வந்தவர்களோடு எடைபோடுவது கடினம்.

அதே 50 புள்ளிகளை, அதேபோலக் கோப்பையைத் தீர்மானித்த ஆட்டத்தில், 2021-ல் மில்வாக்கிக்காக எடுத்தவர் யானிஸ். ஏதென்ஸில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்து, 15-வது தேர்வாக வந்தவர். எம்விபி விருதையும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் ஒரே பருவத்தில் வாங்கியவர்கள் அவருக்கு முன் ஜோர்டான், ஹக்கீம் ஒலாஜுவான் இருவர்தான். என் அளவுகோலை ஒழுங்காகப் பிடித்தால் அவர் நோவிட்ஸ்கிக்கு மேலே மூன்றாம் இடத்தில் நிற்க வேண்டும், நிறுத்துகிறேன். இரண்டாமிடத்தைத் தர மனம் வராததற்குக் காரணம் ஷூட்டிங். எதிரணி உள்ளே சுவர் எழுப்பிவிட்டால் அவருக்கு வெளியிலிருந்து நம்பகமான ஷாட் கிடையாது, ஃப்ரீ த்ரோவும் தடுமாறுகிறது. கார்னெட்டை எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆட்டம் நின்றுபோகாது. அதோடு, கோப்பை வென்ற ஆண்டில் யானிஸுக்கு கிறிஸ் மிடில்டனும் ஜ்ரூ ஹாலிடேயும் இருந்தார்கள். மின்னசோட்டாவில் அப்படி ஒரு துணை கார்னெட்டுக்கு ஒரே ஒரு பருவம்தான் கிடைத்தது.